இரவல் குரல்

எங்கள் நிகழ்ச்சியில் ஒரு தடவைகூட பேய் வந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து என் சட்டையைப் பிடிக்க வேண்டாம். தைபேயில் கேபிள் டிவி வீட்டுக்கு வீடு நுழைந்த காலம் அது. வாரம் ஒரு பாழடைந்த கட்டடத்தைப் பிடிப்போம். நாலு நடிகர் நடிகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், கையில் ஒரு டார்ச்சும் சின்ன கேமராவும் கொடுத்து ஒவ்வொருவராக உள்ளே தள்ளுவோம். கடைசி அறையில் ஒரு சின்னக் கைமணி வைத்திருப்போம். கத்தாமல் போய் அந்த மணியை எடுத்து வருகிறவருக்குப் பரிசு. ஆனால் மணியை எடுத்து வருகிறவரை நேயர்களுக்குப் பிடிக்காது. பாதி வழியில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறவரைத்தான் பிடிக்கும். அதனால் இயக்குநர் காவ் அழுமூஞ்சிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்.

நான் மேக்கப் போடுகிறவள். மற்ற நிகழ்ச்சிகளில் மை கலையாமல் இருக்கப் பாடுபட வேண்டும். இங்கே அழுதால் அழகாக வழிகிற மாதிரி மை தீட்ட வேண்டும். படப்பிடிப்புக்குப் போன இடத்தில் யாரும் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் சட்டம் மாதிரி. பெயர் காதில் விழுந்தால் அங்கே இருப்பவை பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுமாம். பேய் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருவனுக்கும் தைரியம் வராது. என்னை மாவு அக்கா என்பார்கள். காவ் முதலை. உதவிக்கு இருந்த பெய்-ரோங் என்ற பெண்ணுக்குக் கடலை என்று பெயர்.

பெய்-ரோங்கின் அடையாள அட்டையில் உதவி இயக்குநர் என்று போட்டிருக்கும். செய்ததெல்லாம் எடுபிடி வேலைதான். காபி வாங்குவாள், கயிறு சுற்றுவாள், நடிகையின் நாய்க்குட்டியைப் பிடித்துக்கொண்டு மழையில் நிற்பாள். தெற்கே தைனானிலிருந்து வந்தவள். வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள். யாராவது எதையாவது கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாது. தைபேயில் அப்படி ஒரு குணத்தை வைத்துக்கொண்டு டிவியில் வேலைக்கு வந்தது அவள் தலையெழுத்து.

சீனப் பஞ்சாங்கத்தில் ஏழாம் மாதம் வந்தது. பேய்களுக்கு வாசல் திறந்துவிடுகிற மாதம் என்பதால் எங்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். வடக்குக் கடற்கரையில் மூடிக்கிடந்த ஒரு ஓட்டலை காவ் கண்டுபிடித்து வந்தார். பல வருஷங்களுக்கு முன்னால் அங்கே தீப்பிடித்ததில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்த ஒரு பெண் இறந்துபோயிருக்கிறாள். நிகழ்ச்சியில் அவள் பேரும் போடவில்லை, ஊரும் போடவில்லை. “வரவேற்பு மேஜையில் இருந்த பெண்” என்று மட்டும் சொன்னோம். அதுவே எங்களுக்குப் பெரிய நாகரிகமாகத் தெரிந்தது.

படப்பிடிப்பு படுதோல்வி. ஒரு நடிகை கொசு கடிக்கிறது என்று திரும்பி வந்துவிட்டாள். ஒரு பாடகன் விசில் அடித்துக்கொண்டே போய் மணியை எடுத்து வந்து நீட்டினான். காவ் அவனைப் பார்த்த பார்வையில் அவன் செத்திருக்க வேண்டும். நிகழ்ச்சியில் வழிகாட்டியாக வரும் லியாவ் குரு மஞ்சள் அங்கியோடு ஒவ்வொரு மூலையாக நின்று மந்திரம் முனகிப் பார்த்தார். கடல் காற்றைத் தவிர ஒன்றும் பதிவாகவில்லை.

மறுநாள் மதியம் எடிட்டிங் அறையில் எல்லோரும் சாப்பாட்டுப் பெட்டியைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காவ் மட்டும் சாப்பிடவில்லை.

“கடலை, இங்க வாடி. அந்த மைக் முன்னாடி நில்லு.”

“எதுக்கு சார்?”

“பேய் வரலைன்னா நாமதான் வரணும். ஏதாவது ஒண்ணு சொல்லு.”

“பேய் என்ன சார் சொல்லும்? எனக்கெப்படித் தெரியும்?”

“மூணு நாளா வீட்டுக்குப் போகாம இங்கயே சுருண்டு கிடக்க. கண்ணாடியில உன் மூஞ்சியப் பாத்தியா? இந்தக் கட்டடத்துல பேய்க்குக் கிட்டத்துல இருக்கிறவ நீதான். உனக்கு என்ன தோணுதோ சொல்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் பேசுகிற தைவானிய மொழியில், மெல்லிய குரலில் சொன்னாள்.

“அம்மா... நான் வீட்டுக்கு வரணும்மா.”

ஒலிப்பதிவாளன்தான் முதலில் அசைந்தான். குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, தண்ணீருக்கடியில் இருந்து வருகிற மாதிரி இழுத்து, காற்றுச் சத்தத்துக்கு நடுவே செருகினான். “அடிப்பாவி, என் கையெல்லாம் சிலிர்த்துப்போச்சு!” என்று காவ் எழுந்து நின்று கை தட்டினார். நான் பன்றிக் கறித் துண்டைக் கடித்துக்கொண்டே, “இனிமே மாசா மாசம் நீயே செத்துக் குடுடி” என்றேன். அப்படித்தான் பேசிக்கொள்வோம்.

நிகழ்ச்சி ஒளிபரப்பானது. மறுநாள் மார்க்கெட், பஸ், பல் டாக்டர் வீடு, எங்கே போனாலும் அதே பேச்சு. வரவேற்பு மேஜைப் பெண் வீட்டுக்கு வர வேண்டும் என்கிறாளாமே, பாவம் யார் பெற்ற பிள்ளையோ! காவ் ஆளுக்கொரு ஜவ்வரிசி முத்து போட்ட டீ வாங்கிக் கொடுத்தார். பெய்-ரோங்குக்கு மட்டும் பெரிய கோப்பை.

அந்த வாரக் கடைசியில் ஓர் அம்மாள் டிவி அலுவலக வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு பை நிறைய மெழுகு ஆப்பிள் பழங்கள். கீலுங்கிலிருந்து மழையில் பஸ் ஏறி வந்திருக்கிறாள். பெயர் யுவே-லுவான், மார்க்கெட்டில் மீன் உருண்டைக் கடை வைத்திருப்பவள். அந்த ஓட்டலில் செத்துப்போன பெண் தன் மகள் சூ-சின் என்று சொன்னாள். எங்கள் அலுவலக வரவேற்பில் இருந்தவள் பயந்துபோய் மேலே தகவல் அனுப்பினாள். சண்டை போட வந்திருக்கிறாள், வக்கீல் வைப்பாள் என்று நாங்கள் நடுங்கினோம். அந்த அம்மாள் பையை மேஜைமேல் வைத்து, குனிந்து வணங்கி, நன்றி சொன்னாள்.

காவுக்கு உயிர் வந்துவிட்டது. அவளை உட்காரவைத்து உடனே ஒரு பேட்டி எடுக்க வேண்டும் என்று குதித்தார். “மாவு, முகத்தைக் கொஞ்சம் சரி பண்ணு. ரொம்ப அழகாக்கிடாத” என்று அவளை என்னிடம் அனுப்பினார்.

நான் பவுடர் போடப் போட அவள் பேசினாள். மீன் வாசனை போகாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பேசினாள்.

“கல்யாணம் ஆகாம போயிட்டாம்மா. கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு அப்பன் வீட்டுப் பூஜை மாடத்துல இடம் கிடையாதே, உங்களுக்குத் தெரியாததா. அவ பேர் எழுதின பலகைய மலை மேல ஒரு கோயில்ல வச்சிருக்கோம். அங்க அவள மாதிரி நிறையப் பொண்ணுங்க. மாசத்துக்கு ஒருநா போய்ப் பாத்துட்டு வருவேன். ஹாஸ்டல்ல விட்ட மாதிரி இருக்கும்.”

“வேற வழி இல்லையாம்மா?”

“இருக்கே. செத்த பொண்ணுக்கு ஒரு மாப்பிள்ளை பாத்துக் கட்டி வச்சா அவன் வீட்டுக்குப் போயிடுவா. எங்க பெரிய அத்தான் ஆளெல்லாம் பாத்துட்டாரு. நான்தான் வேணாம்னுட்டேன். உயிரோட இருந்தப்பவே மாப்பிள்ளை பாக்க வந்தா பின்வாசல் வழியா ஓடினவ அவ. இப்ப அவளால ஓட முடியாதுங்கறதுக்காகப் புடிச்சுக் கட்டி வைக்கிறதா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். கன்னத்தில் பவுடர் பிளந்தது.

பெரிய அத்தான் என்பது அவள் கணவனின் அண்ணன் தெங்-வாங். அவர்கள் வீட்டு மாடியில் முன்னோர் பூஜை மாடம் அவர் பொறுப்பில்தான் இருந்தது. கணவன் கடலில் இறந்துபோனவர், அவர் பெயர் அந்த மாடத்தில் இருக்கிறது. அப்பன் இருக்கிற இடத்தில் மகளையும் வையுங்கள் என்று இவள் இத்தனை வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஊர் என்ன சொல்லும், மற்ற முன்னோர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவர் மறுத்துக்கொண்டே இருந்தார். கெட்ட மனிதர் இல்லை என்றாள். பயந்தவர், அவ்வளவுதான்.

“இப்ப டிவியில அவளே வந்து கேட்டுட்டா இல்ல? மார்க்கெட்டே கேட்டுச்சு. எதிர் வீட்டுக்காரி வந்து அத்தான் கிட்டயே சொல்லிட்டுப் போனா, ‘உங்க வீட்டுப் பொண்ணு வாசல்ல நிக்குது, உள்ள கூப்பிடாம உக்காந்திருக்கீங்களே’ன்னு. அன்னிக்கே அத்தான் மாடத்துல ஊதுவத்தி ஏத்தி, முன்னோர் கிட்ட கேட்டு, கட்டை போட்டுப் பாத்தாரு. ஒண்ணு கவுந்து ஒண்ணு நிமிந்து விழுந்துச்சு. மூணு தடவையும் அதே. சரின்னுட்டாங்கம்மா!”

பிறை வடிவக் கட்டைகள் இரண்டையும் கீழே போட்டு, ஒன்று கவிழ்ந்து ஒன்று நிமிர்ந்தால் மேலே இருப்பவர்கள் சம்மதித்தார்கள் என்று அர்த்தம். இனி யாரும் மறுக்க முடியாது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பவுடரெல்லாம் வீணாய்ப்போனது. பேட்டியை அப்படியே எடுத்தார்கள், காவுக்கு அதுவும் வசதியாகத்தான் இருந்தது. அடுத்த வாரமே ஓட்டலுக்குப் போய் லியாவ் குரு ஆவியை அழைப்பார், ஆவிமேல் வெளிச்சம் படாமல் கறுப்புக் குடை பிடித்து அம்மாள் அதை வீட்டுக்குக் கூட்டிப்போவாள், எல்லாம் கேமராவில் என்று முடிவாகிவிட்டது.

நான் பெய்-ரோங்கைத் தேடினேன். கழிவறையில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது.

“அக்கா, அந்தம்மா என் கையப் புடிச்சு நன்றி சொல்றாங்க. நான் இங்க ஓடி வந்துட்டேன்.”

“காவ் கிட்டப் போய்ச் சொல்லு, இது வேணாம்னு.”

“சொன்னேனே. ‘ஏண்டி, அந்தம்மாவுக்கு வேண்டியது கிடைக்குது, நமக்கு வேண்டியது கிடைக்குது, உனக்கு என்ன வயித்தெரிச்சல்’னு கேக்கறாரு.”

இப்போது யோசித்தால் காவ் அன்று பேசியதில் தப்பே இல்லை. அந்த ஆளுக்கு ஆதரவாக நான் பேசுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் அன்று எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலில், “மனசுல வச்சுக்கிட்டா உன்னைத் தின்னுடும். யார் கிட்டயாவது சொல்லித் தொலைச்சிடு” என்றேன். உபதேசம் செய்வதற்குக் காசா பணமா!

அவளுக்கு அந்த வாரமே தொண்டை கட்டிக்கொண்டது. முதலில் கரகரப்பு, பிறகு காற்று மட்டும்தான் வந்தது. மழையில் நின்றதால் வந்த ஜலதோஷம் என்று நான் சொன்னேன். டாக்டரும் அதையேதான் சொன்னார். ஏழாம் மாதத்தில் தொண்டை கட்டினால் டாக்டர் சொல்வதை யார் கேட்பார்கள்? ஒருநாள் மேக்கப் அறையில் லியாவ் குருவிடம் போய் அழுதாள்.

லியாவ் மற்ற நாட்களில் வீடு வாங்கி விற்கிற தரகர். பாதி பொய், பாதி நிஜமான நம்பிக்கை. எந்தப் பாதி எப்போது பேசும் என்று அவருக்கே தெரியாது. அன்று நம்புகிற பாதி பேசியது. முகத்தில் ஒட்டிய தாடியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்.

“செத்த பொண்ணோட வாய நீ இரவல் வாங்கிட்ட பாப்பா. இரவல் வாங்கினதத் திருப்பிக் குடுக்கணும். அவ வீட்டு முன்னோர் மாடத்துக்கு முன்னாடி முட்டி போட்டு, வாய்விட்டுச் சொல்லி மன்னிப்பு கேளு. மனசுக்குள்ள முணுமுணுத்தா செல்லாது. சத்தமா சொல்லணும்.”

“யோவ், சும்மா இருய்யா” என்றேன் நான்.

“நான் சும்மாத்தான் இருந்தேன். அவதான் கேட்டா.”

படப்பிடிப்புக்கு முந்தின நாள் பெய்-ரோங் கீலுங்குக்குப் போக வேண்டும் என்று என்னைத் துணைக்கு அழைத்தாள். ஏற்பாடுகளைப் பார்த்துவர காவ் அனுப்புவதாகச் சொன்னாள். அது பொய் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. அம்மாளின் காதில் மட்டும் சொல்லி அழுதுவிட்டு வருவாள் என்று நினைத்திருப்பேன்.

கீலுங்கில் வழக்கம்போல் மழை. கீழே கடை, நடுவில் வீடு, மேல்மாடியில் பூஜை மாடம். எங்களைப் பார்த்ததும் லுவான் அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஆளே மாறியிருந்தாள். முடிக்குச் சாயம் போட்டு, புது ரவிக்கை தைத்துப் போட்டிருந்தாள். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் “நாளைக்குக் கடை லீவு, பொண்ணு வர்றா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்களும் ஏதோ வெளிநாட்டிலிருந்து வருகிற மகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி, “எந்த பஸ்ஸுக்கு?” என்று கிண்டல் செய்தார்கள்.

“அம்மா, உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள் பெய்-ரோங். குரலே எழும்பவில்லை.

“முதல்ல சாப்பிடு. தொண்டை எப்படிக் கட்டியிருக்கு பாரு. சூடா சூப் குடி.”

“இல்லம்மா, அந்த நிகழ்ச்சியில...”

“நிகழ்ச்சியப் பத்தி நாளைக்குப் பேசலாம். இந்தா, வெள்ளை மிளகு போட்டிருக்கேன்.”

இரண்டு கிண்ணம் குடித்தோம். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அம்மாள் ஒரு மீன் உருண்டையைப் போட்டாள். கடைசியில் பெய்-ரோங், மாடத்தில் ஊதுவத்தி வைத்துக் கும்பிட வேண்டும் என்றாள். அம்மாள் முகம் மலர்ந்து, “வா, வா, இடம் எப்படி ஒதுக்கியிருக்காரு பாரு” என்று படியேறினாள்.

மேலே பெரியவர் தெங்-வாங் பனியனோடு நின்று மாடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் முன்னோர் பலகை பளபளத்தது. ஊதுவத்தி ஏற்றும் கலசத்தை ஒரு பக்கமாக நகர்த்தி, வலது புறம் ஒரு சாண் இடம் விட்டிருந்தார். அந்த இடத்தில் ஒரு புதுத் துணிகூட விரித்தாகிவிட்டது.

“டிவிக்காரங்களா? கேமரா இங்க வரைக்கும் வருமா?” என்று கேட்டார். “வந்தா விளக்கு மேல படாமப் பாத்துக்குங்க. பழசு.”

பெய்-ரோங் ஊதுவத்தியை வைத்தாள். சட்டென்று முட்டி போட்டு உட்கார்ந்து, தலையைத் தரையில் முட்டினாள். நான் கும்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன். அத்தனை நாள் கட்டிக்கிடந்த தொண்டை, பாழாய்ப்போன தொண்டை, அப்போது பார்த்துத் திறந்துகொண்டது.

“என்னை மன்னிச்சிடுங்க. டிவியில பேசினது உங்க பொண்ணு இல்ல. நான்தான் பேசினேன். ஆபீஸ்லயே பேசினேன். சூ-சின் அக்கா எதுவும் கேக்கல. நான் பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க.”

சத்தமாகத்தான் சொன்னாள். குரு சொன்னபடியே.

நான் அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். இழுத்து என்ன, சொன்ன சொல்லை இழுக்க முடியுமா? லுவான் அம்மாள் அசையாமல் நின்றாள். அவள் பெய்-ரோங்கைப் பார்க்கவில்லை, பெரியவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் துடைக்கிற துணியை மடித்தார். திரும்ப மடித்தார்.

“என்ன லுவான் இது?”

“சின்னப் பொண்ணு அத்தான். ஜுரம். ஏதோ உளறுது.”

“இல்லம்மா, நிஜமாத்தான்...” என்று பெய்-ரோங் ஆரம்பித்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது.

“கட்டை சரின்னு விழுந்துச்சே அத்தான்” என்றாள் அம்மாள். “மூணு தடவை விழுந்துச்சே. நீங்கதானே போட்டீங்க. அவங்க சம்மதிச்சாச்சே.”

“நான் என்னன்னு கேட்டேன் லுவான்? பொண்ணு வந்து கேக்குது, சேத்துக்கலாமான்னு கேட்டேன். பொண்ணு வரவே இல்லைன்னு ஆயிடுச்சே. பொய்யச் சொல்லிக் கேட்டா, அவங்க சரின்னது எப்படிச் செல்லும்?”

“மறுபடி கேளுங்க. பொண்ணு வரல, அம்மா கேக்கறா, சேத்துக்கலாமான்னு கேளுங்க.”

அவர் கட்டைகளை எடுக்கவில்லை. அவர் முகத்தில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. தலையிலிருந்து ஒரு சுமை இறங்கிய மனிதனின் முகம் அது. கையை நீட்டி, ஊதுவத்திக் கலசத்தை மெல்ல நகர்த்தி, பழையபடி நடுவில் வைத்தார். விரித்திருந்த துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“டிவிக்காரங்க நாளைக்கு வர வேணாம்” என்று என்னிடம் சொன்னார். “ஊர்ல கேட்டா நான் பாத்துக்கறேன்.”

பெய்-ரோங் எழுந்து அவர் காலடியில் போய் விழுந்தாள். “ஐயா, அவங்க கேக்கலைன்னாலும் வரணும்னுதான் நினைச்சிருப்பாங்க. எந்தப் பொண்ணுதான் நினைக்காது? தயவுசெஞ்சு...”

“அதை அவ சொல்லலையேம்மா. நீதானே சொன்னே” என்றார் அவர், மரியாதையாகவே.

நாங்கள் படியிறங்கினோம். கடையில் யாரோ சூப் கேட்டுக்கொண்டு நின்றார்கள். லுவான் அம்மாள் ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்துவிட்டு எங்களோடு வாசல்வரை வந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. நல்ல அறை நாலு கொடுத்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது.

“அம்மா, உங்களை ஏமாத்திட்டேன்” என்றாள் பெய்-ரோங்.

“என்னை நீ ஏமாத்தல.”

பெய்-ரோங் நிமிர்ந்து பார்த்தாள்.

“என் பொண்ணு குரல் எனக்குத் தெரியாதாடி? அவ என்னை அம்மான்னு கூப்பிட்டதே இல்ல. ‘முதலாளியம்மா’ம்பா, கடையில வர்றவங்க மாதிரி. நீ வாயத் திறந்து அம்மான்னு சொன்னப்பவே இது யாரோ பெத்த பொண்ணு, ராத்தூக்கம் இல்லாத பொண்ணுன்னு தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப ஏம்மா...”

“நான் எத்தனை வருஷமா கேக்கறேன். அந்த மனுஷன் காதுல விழல. நீ ஒரு தடவை சொன்னே, ஊரே கேட்டுச்சு. போகட்டும், யார் சொன்னா என்ன, அவ வீட்டுக்கு வந்தா சரின்னு இருந்தேன்.”

மழை வலுத்தது. நான் குடையை விரித்தேன், அம்மாளின் தலைக்கு மேல் பிடித்தேன். பெய்-ரோங் நடுத்தெருவில் நனைந்துகொண்டு நின்றாள். மன்னிப்பு என்ற சொல்லை அவள் வாய் திரும்பவும் தேடியது. அது அவளுக்கு மேலே மாடத்திலேயே கிடைத்துவிட்டது, தொண்டையும் சரியாகிவிட்டது. அந்தப் பெண்மேல் எனக்கு அன்றுவரை இருந்த பிரியம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும் அந்த நிமிஷத்தில் அவள் ஊமையாகவே இருந்திருக்கலாம் என்று என் மனம் நினைத்தது.

“நான் மறுபடி போய்ப் பேசறேம்மா. அவர் கிட்ட, ஊர்க்காரங்க கிட்ட. டிவியிலயே சொல்றேன்” என்றாள் பெய்-ரோங்.

“நீ பேசினது போதும்மா.”

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்து, ஈரத்தைத் தன் புது ரவிக்கையின் ஓரத்தில் துடைத்துவிட்டாள். பிறகு மலைப்பக்கம் பார்த்தாள். மழையில் மலை தெரியவில்லை.

“காலையிலதான் கோயிலுக்குப் போயிட்டு வந்தேன்” என்றாள். “அவளுக்குப் போய்ச் சேரட்டும்னு புதுத் துணி எரிச்சுக் குடுத்தேன். செருப்பும் குடுத்தேன். பக்கத்துல இருக்கிற பொண்ணுங்களுக்கெல்லாம் பலகாரம் வச்சேன், எங்க சூ-சினைப் பாத்துக்கிட்டீங்களேன்னு. நாளைக்கு அம்மா வந்து கூட்டிட்டுப் போவேன், காலையிலயே தயாரா இருடின்னு சொல்லிட்டு வந்துட்டேன். இப்ப நான் போய் அவ கிட்ட என்னன்னு சொல்லட்டும்?”